புள்வடிவத் தூபக்கால்: தமிழிலக்கியச் சான்றுகளும் ஆரணி இல்ல வழிபாடும்

ஆய்வுச் சுருக்கம்

பறவை உருவில் வார்க்கப்பட்ட தூபக்கால்கள் இன்று இல்லப் பூசை மாடங்களிலும் தியான அறைகளிலும் இடம்பெற்று வருகின்றன. இவை சங்ககாலந்தொட்டு வரும் தமிழ்மரபின் தொடர்ச்சி என்னும் கருத்தும் பரவலாக உள்ளது. அக்கருத்தை இலக்கியச் சான்றுகளின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. புள்வடிவ விளக்கிற்குப் பெரும்பாணாற்றுப்படையில் உறுதியான சான்று உண்டு. புள்வடிவத் தூபக்கலத்திற்கு அத்தகைய சான்று இங்கு ஆராயப்பெறும் நூல்களில் இல்லை. ஆயினும் புள், தீ, புகை, உயிர்ப்பு ஆகிய நான்கையும் இணைத்து நோக்கும் சிந்தனை தமிழில் தொன்மையானது. இச்சிந்தனையே இக்கலத்திற்குத் தமிழ் வழிபாட்டில் பொருத்தப்பாட்டை அளிக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி ஆய்வின் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தூபக்கால், ஓதிம விளக்கு, தடவு, அகில், குங்கிலியம், அன்னப்பட்சி, ஆரணிப் பட்டு, உயிர்ப்பு.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர் ஆரணி. பழைய தொண்டை மண்டலத்தின் பகுதியாகிய இவ்வூர் காஞ்சிபுரத்திற்கு மேற்கே உள்ளது. இங்கு நெய்யப்படும் பட்டு, புவிசார் குறியீடு பெற்ற தமிழகக் கைத்தறிப் பொருள்களுள் ஒன்று. ஊரை அடுத்த பூண்டியில் பொன்னெழில்நாதர் கோயில் எனப்படும் சமணக் கோயில் இருக்கிறது. சைவ, வைணவ, சமண வழிபாட்டு மரபுகள் அருகருகே வாழும் இவ்வட்டாரத்தில் தூபம் அனைவர்க்கும் பொதுவான வழிபாட்டுப் பொருளாகத் திகழ்கிறது.

வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணி இடுதல் தமிழ் இல்லங்களின் நெடுநாள் வழக்கம். அதற்கு மண்சட்டியோ, கைப்பிடி வைத்த பித்தளைக் கரண்டியோ போதுமானதாக இருந்தது. அண்மைக் காலத்தில் அன்னம், மயில், கிளி ஆகியவற்றின் உருவில் அமைந்த மூடியுள்ள தூபக்கால்கள் இவற்றின் இடத்தைப் பெற்று வருகின்றன. இவற்றை வாங்குவோர் வழிபாட்டிற்காக மட்டுமன்றி மாடத்தின் அழகிற்காகவும் மன ஒருமைக்கான துணையாகவும் வாங்குகின்றனர்.

இம்மாற்றத்தை ஒட்டி மூன்று வினாக்கள் எழுகின்றன. தமிழிலக்கியம் புள்ளையும் புகையையும் எவ்வாறு இணைக்கிறது? கலத்தின் வடிவம் அதன் பயனோடு எவ்வகையில் தொடர்புடையது? பட்டும் சரிகையும் நிறைந்த நெசவாளர் இல்லத்தில் இக்கலத்தைப் பயன்படுத்தும் முறை யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

புகைகலத்தைக் குறிக்கத் தூபக்கால், தூபமுட்டி ஆகிய சொற்கள் தமிழில் வழங்குகின்றன. தூபக்கால் என்பதிலுள்ள ‘கால்’ தாங்கி நிற்கும் அடியைச் சுட்டுவது. விளக்குக்கால் என்பதும் இவ்வாறு அமைந்ததே. கால் என்னும் சொல்லுக்குக் காற்று என்னும் பொருளும் உண்டு. தூபக்கால் என்னும் தொடரில் அப்பொருள் கருதப்பட்டது எனக் கூறுவதற்கு இடமில்லை. எனினும் தாங்கும் காலும் இயங்கும் காலும் இன்றிப் புகைகலம் செயற்படாது என்பது எண்ணத்தக்கது.

சங்க இலக்கியத்தில் தீயைத் தாங்கும் கலமாகத் தெளிவாக வருவது ‘தடவு’. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையில் வாடைக்குளிர் தாங்காத மக்கள், இளையோரும் முதியோரும், தடவில் இட்ட செந்நெருப்பின் வெம்மையை நாடுகின்றனர். அவ்விடத்தில் புலவர் இரு கலங்களை எதிரெதிரே வைக்கிறார். குளிர்நீர்க் கலமாகிய கன்னலைக் குவிந்த வாயுடையதாகத் ‘தொகுவாய்’ எனவும், தீக்கலமாகிய தடவை அகன்ற வாயுடையதாகப் ‘பகுவாய்’ எனவும் சுட்டுகிறார். குளிர்காலத்தில் ஒன்று கைவிடப்படுகிறது, மற்றொன்று நாடப்படுகிறது.

புகைகலங்களை வகைப்படுத்த இவ்விரு சொற்களும் பெரிதும் பயன்படுகின்றன. வெம்மை வேண்டுமிடத்துக் கலம் பகுவாயாக இருத்தல் வேண்டும். மணம் வேண்டுமிடத்துத் தீயை மூடி, காற்றை அளந்துவிட்டு, புகையை ஒருவழிப்படுத்தும் தொகுவாய்க் கலம் வேண்டும். சாம்பிராணிச் சட்டி பகுவாய் வகையைச் சார்ந்தது. புள்வடிவத் தூபக்கால் தொகுவாய் வகையைச் சார்ந்தது. எனவே இன்றைய மாற்றம் அழகு கருதிய மாற்றம் மட்டுமன்று. வகை மாற்றமும் ஆகும்.

அகில் முதல் குங்கிலியம் வரை

நெடுநல்வாடை காட்டும் மற்றொரு காட்சியில் மகளிர் தகர விறகில் தீயமைத்து, வயிரம் பாய்ந்த அகிலையும் வெள்ளயிரையும் சேர்த்துப் புகைக்கின்றனர். அப்புகை அவர்தம் கூந்தலுக்கு உரியது. குறிஞ்சிப்பாட்டில் தலைவன் தன் தலைமயிருக்கு அகிற்புகை ஊட்டியவனாகத் தோன்றுகிறான். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களை அடுக்கும்போது, மேற்குமலையில் பிறந்த சந்தனத்தோடு அகிலையும் சேர்த்துக் கூறுகிறது. இச்சான்றுகள் புகையை உடலுக்கும் இல்லத்திற்கும் உரிய நுகர்பொருளாகக் காட்டுகின்றன.

நெடுநல்வாடையிலேயே மாலை விளக்கேற்றும் மகளிர், பித்திக அரும்பு மலரும் மணத்தால் பொழுதறிந்து, இரும்பால் செய்த விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். இவ்வழிபாட்டில் விளக்கு உண்டு, மலர் உண்டு, நெல் உண்டு, புகை இல்லை. ஒரே பாட்டில் விளக்கு வழிபாட்டிற்கும், புகை ஒப்பனைக்கும் உரியனவாகப் பிரிந்து நிற்கின்றன. இவ்வேறுபாடு நுட்பமானது.

பக்தி இயக்கக் காலத்தில் இந்நிலை மாறுகிறது. திருவதிகையில் பாடிய பதிகத்தில் திருநாவுக்கரசர் நீர், மலர், தூபம் ஆகிய மூன்றையும் தாம் மறவாத வழிபாட்டுக் கூறுகளாகக் குறிக்கிறார். சேக்கிழாரின் பெரியபுராணம் காட்டும் குங்கிலியக்கலய நாயனார் வரலாறு இம்மாற்றத்தின் உச்சநிலை. திருக்கடவூரில் நாள்தோறும் குங்கிலியத் தூபம் இடுதலைத் தொண்டாகக் கொண்டிருந்த அவர் வறுமையுற்றார். நெல் வாங்கி வருமாறு மனைவி தந்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியப் பொதியைப் பெற்றுக் கோயிலில் சேர்த்தார். பசித்த குடும்பத்தின் உணவைவிடவும் புகை உயர்ந்ததாக மதிக்கப்பட்ட இந்நிகழ்வில் புகை ஒப்பனைப் பொருள் என்னும் நிலையைக் கடந்து ஈகைப் பொருளாகி விடுகிறது.

சமண மரபிலும் தூபத்திற்குத் தனியிடம் உண்டு. நீர், சந்தனம், அட்சதை, மலர், நிவேதனம், தீபம், தூபம், பழம் என எண்வகைப் பொருள்களால் செய்யப்பெறும் அருச்சனையில் தூபம் வினை எரிந்தொழிதலின் குறியீடாகக் கொள்ளப்படுகிறது. ஆரணி வட்டாரத்தில் சைவரும் சமணரும் ஒரே புகைப்பொருளைக் கையாளினும், சைவர் அதனை இறைவனுக்கு அளிக்கும் பொருளாகவும் சமணர் தம் வினை எரிதலின் அடையாளமாகவும் கொள்கின்றனர்.

புகைப்பொருள்களின் பெயர்களில் கவனம் வேண்டும். அகில் எனப் பொதுவாகச் சுட்டப்படுவது அக்குயிலேரியா இனமரத்தில் பூஞ்சைத் தாக்கத்தால் உருவாகும் நறுமணமுள்ள வயிரப்பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வேறொரு மரமும் வெள்ளகில் எனப்படுகிறது. சாம்பிராணியும் குங்கிலியமும் மரப்பிசின்கள். பெயர் ஒன்றாக இருப்பதைக் கொண்டு எல்லாக் காலத்தும் பொருள் ஒன்றே எனக் கருதுதல் பிழையாகும்.

ஓதிம விளக்கு: சான்றின் எல்லை

புள்வடிவக் கலத்தின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டத்தக்க இலக்கியப் பகுதி பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய 500 அடிகள் கொண்ட இப்பாட்டு, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. எனவே ஆரணி அமைந்த தொண்டை நாட்டிற்கு உரிய இலக்கியம் இது.

நீர்ப்பெயற்று என்னும் ஊரின் காட்சி அப்பகுதியில் வருகிறது. நீராடும் மகளிர் கழற்றி வைத்த பொற்குழையை இரையெனக் கருதி மீன்கொத்தியாகிய சிரல் கவ்விச் செல்கிறது. அது பனைமடலுக்குச் செல்லாமல் அந்தணரின் வேள்வித்தூணில் சென்று அமர்கிறது. பொன்னொளியோடு அமர்ந்த அச்சிரலைப் புலவர் யவனரின் ஓதிம விளக்கோடு ஒப்பிடுகிறார். விடியற்காலத்து விண்மீனையும் நினைவூட்டுகிறார். ஓதிமம் என்பது அன்னம். ஆகவே அன்ன உருவில் செய்யப்பட்ட விளக்கு உயரத்தில் ஏற்றப்பட்ட காட்சியைச் சங்கப்புலவர் அறிந்திருந்தார் என்பது உறுதி.

இச்சான்றை அளவோடு பயன்படுத்துதல் வேண்டும். முதலாவது, இங்குக் கூறப்படுவது விளக்கு, தூபக்கால் அன்று. இரண்டாவது, அது யவனர்க்கு உரியதாகச் சுட்டப்படுகிறது. நெடுநல்வாடையில் வரும் பாவை விளக்கும் யவனர் செய்ததாகவே கூறப்படுகிறது. உருவம் தாங்கிய விளக்குகளைச் சங்கப்புலவர் இவ்விரு இடங்களிலும் அயலகக் கைவினையோடு தொடர்புபடுத்தியுள்ளனர். மூன்றாவது, விளக்கு இங்கு உவமையாகவே வருகிறது. வழிபாட்டுப் பொருளாக வரவில்லை. இவற்றை விடுத்து, ‘சங்ககாலத் தமிழர் பறவைத் தூபக்காலில் அகில் புகைத்தனர்’ எனக் கூறுதல் சான்றினும் மிகுந்த கூற்றாகும்.

எனினும் சான்றின் எல்லைக்குள்ளேயே பெறத்தக்க உண்மை ஒன்று உண்டு. உயிருள்ள புள் தூணில் அமர்ந்தவுடன் புலவர்க்கு விளக்கு நினைவுக்கு வருகிறது. அஃதாவது, புள்ளும் ஒளியும் ஓருருவாகக் காணப்படும் காட்சிப்பழக்கம் அவர்க்கு முன்பே இருந்தது. அதே பகுதியில் சற்று முன்னர், அந்தணர் இல்லத்தில் வளர்க்கப்படும் கிளி மறையோசையைப் பயில்வதாகவும் கூறப்படுகிறது. வழிபாட்டிடத்தில் புள் ஓசையாகவும் ஒளியாகவும் தோன்றும் இப்பகுதி தொண்டை நாட்டுப் பண்பாட்டு ஆய்விற்கு இன்றியமையாதது.

தொல்லியல் சான்றும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த வெண்கலப் பொருள்களுள் விலங்கு, பறவை உருவங்களைத் தாங்கிய மூடிகள் உள்ளன. கலத்தின் மூடியில் புள்ளை அமர்த்தும் எண்ணம் தமிழகத்தில் மிகத் தொன்மையானது என்பதற்கு இவை சான்று. ஆயினும் அங்கும் புள் மூடியின் மேல் அமர்கிறதேயன்றிக் கலமே புள்ளாக மாறவில்லை.

அயலகப் புள்வடிவத் தூபக்கலங்கள்

கலமே புள்ளாக அமையும் தூபக்கலங்கள் ஆசியாவின் பிற பகுதிகளில் நன்கு வளர்ந்தன. சீனத்தில் ஆன் அரசமரபின் காலத்திலேயே வாத்து உருவிலான வெண்கலத் தூபக்கலங்கள் இருந்தன. குராசான் பகுதியில் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் பறவை, பூனையின விலங்கு ஆகியவற்றின் உருவில் துளைவேலைப்பாட்டுடன் வார்க்கப்பட்டன. தக்காணச் சுல்தான்களின் காலத்து மயில்வடிவத் தூபக்கலங்களும் அறியப்பட்டுள்ளன. சப்பானில் 17ஆம் நூற்றாண்டுக் குயவர் நொனொமுரா நின்செய் செய்த வண்ணக்கோழி வடிவத் தூபக்கலம் அந்நாட்டின் தேசியச் செல்வமாகப் போற்றப்பட்டுக் கனசாவாவிலுள்ள அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதன் முதுகிலுள்ள துளைகளின் வழியே புகை வெளியேறும்.

தமிழகத்தில் புள்வடிவம் விளக்கிலேயே நிலைபெற்றது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் உச்சியில் அன்னம் அமர்கிறது. தூண்டாமணி விளக்கில் புள்ளின் உட்குடைந்த உடலே எண்ணெய்க் கலனாகி, எண்ணெய் குறையுந்தோறும் தானே நிரப்புகிறது. இத்தூண்டாமணி விளக்கு இக்கட்டுரையின் கருத்திற்கு நெருக்கமானது. உட்குடைவான புள்ளுடலைப் பயன்பாட்டுக் கலமாக்கும் கைவினை அறிவு தமிழரிடம் இருந்தது. அது எண்ணெய்க்குப் பயன்பட்டது. இன்றைய தூபக்காலில் அதே வடிவம் புகைக்குப் பயன்படுகிறது.

அன்னம், கிளி, மயில்: வடிவத்தின் பொருள்

பூசை மாடத்தில் வைக்கப்படும் புள் எது என்பது பொருளற்ற வினா அன்று. ஆரணி அமைந்த மாவட்டத்தின் தலைமைத் தலமாகிய திருவண்ணாமலையின் தலவரலாறே புள்ளையும் தீயையும் எதிரெதிர் நிறுத்துவது. அடிமுடி காணவியலாத தீத்தூணாக இறைவன் நின்றபோது, முடியைக் காண நான்முகன் அன்னமாகப் பறந்தான், காணாமல் மீண்டான். உயரப் பறக்கும் ஆற்றல் மட்டும் மெய்ப்பொருளைக் காட்டாது என்பது அவ்வரலாற்றின் உட்பொருள். அன்னவடிவத் தூபக்காலின் உள்ளே கனலும் தணல் இவ்வரலாற்றைத் தலைகீழாக்குகிறது. அங்குத் தீயைத் தேடிப் புள் புறத்தே பறந்தது. இங்குத் தீ புள்ளின் அகத்தே இருக்கிறது.

திருவண்ணாமலைக் கோயிலின் கிளிக்கோபுரம், அருணகிரிநாதர் கிளியுருக் கொண்டார் என்னும் நம்பிக்கையோடு தொடர்புடையது. கிளி இங்குச் சொல்லின் உருவம். மயில் முருகனின் ஊர்தி. அம்மை மயிலாய் வழிபட்டாள் என்னும் தலவரலாறுகளும் தமிழகத்தில் உள்ளன. எனவே மாடத்தில் அன்னம் தேடலையும் கிளி ஓதுதலையும் மயில் ஊர்தியையும் நினைவூட்டுகின்றன. வடிவத்தைத் தேர்வதில் இல்லத்தாரின் வழிபடு தெய்வமும் வழிபாட்டு முறையும் பங்கு பெறுதல் இயல்பு.

அன்னம் என்னும் பெயரிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் குமரித்துறையிலிருந்து வடமலை நோக்கிப் பறக்கும் அன்னத்தை விளித்துப் பேசுகிறார். இமயத்தைக் கடந்து வலசைபோகும் வரித்தலை வாத்தோடு இவ்வன்னத்தை ஒப்புநோக்குதல் பொருந்தும். ஆனால் பட்டுச்சேலைக் கரையில் நெய்யப்படும் அன்னப்பட்சி, வாத்தின் உடலும் மயிலினை ஒத்த கொடிபோன்ற தோகையும் கொண்டது. இது இயற்கைப் புள் அன்று. கலைமரபு படைத்த புள். தூபக்காலில் காணப்படும் அன்னமும் இக்கலைமரபின் அன்னமே.

ஆரணி இல்லங்களில் இவ்வொற்றுமை தனிப்பொருள் பெறுகிறது. தறியில் சக்கார்டு அட்டைகளின் துளைகள் வழியே சரிகையில் உருப்பெறும் அன்னமும், மாடத்தில் பித்தளையில் அமர்ந்துள்ள அன்னமும் ஒரே குடும்பத்து உருவங்கள். ஓர் உருவத்தைத் தொழிலாகவும் மற்றோர் உருவத்தை வழிபாடாகவும் கொண்ட இல்லத்தில் தொழிலும் வழிபாடும் வெவ்வேறாக நிற்பதில்லை. ஆயுத பூசையன்று தறிக்கும் நாடாவுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுத் தூபம் காட்டும் வழக்கம் இதனை உறுதிப்படுத்தும்.

உயிர்ப்பும் புள்ளும்: தியானப் பயன்பாடு

தியானத்திற்குத் தூபக்காலைத் துணையாகக் கொள்ளுதல் புதிய வழக்கமாகத் தோன்றினும், புள்ளை உயிர்க்கும் உயிர்ப்பிற்கும் குறியீடாக்குதல் தமிழில் பழையது. நிலையாமை அதிகாரத்தில் வரும் 338ஆம் குறள், உடம்பிற்கும் உயிர்க்கும் உள்ள உறவை முட்டைக்கூட்டிற்கும் அதனைத் தனித்தொழிய விட்டுப் பறக்கும் புள்ளிற்கும் உள்ள உறவாகக் காட்டுகிறது. திருமந்திரத்தில் திருமூலர், புள்ளினும் விரைந்து செல்லும் குதிரையாக உயிர்ப்பை உருவகிக்கிறார். அம்ச மந்திர மரபு, உள்மூச்சையும் வெளிமூச்சையும் அன்னத்தின் பெயராகவே ஒலிக்கச் செய்கிறது.

இப்பின்னணியில் நோக்கினால் புள்வடிவத் தூபக்காலின் அமைப்பே ஒரு பாடமாகிறது. அடிப்பகுதியிலோ மார்பிலோ உள்ள துளைகள் காற்றை உள்வாங்குகின்றன. உட்குடைவில் தணல் கனல்கிறது. அலகின் வழியாகவோ முதுகின் வழியாகவோ புகை வெளியேறுகிறது. உள்ளிழுத்தல், உள்நிற்றல், வெளிவிடுதல் என்னும் மூச்சின் மூன்று நிலைகளும் கலத்தில் கட்புலனாகின்றன. அலகிலிருந்து எழும் புகை கண்முன் கரைந்து மறைவதும், உட்குடைவு வெறிதாய் எஞ்சுவதும் குறள் கூறும் நிலையாமையைச் சொல்லின்றி உணர்த்துகின்றன.

கலம் நன்கு இயங்க, புகைவாய் தணலினும் உயர்ந்த இடத்தில் அமைதல் வேண்டும்; காற்றுத்துளை தணலினும் தாழ்ந்த இடத்தில் அமைதல் வேண்டும். வெம்மையுற்ற காற்று மேலெழும்போது கீழிருந்து புதுக்காற்று உள்நுழையும். துளைகள் மிகச் சிறியனவாயின் தணல் அவிந்துவிடும். மிகப் பெரியனவாயின் பிசின் விரைந்து எரிந்து மணம் கருகிவிடும். சந்தையில் கிடைக்கும் கலங்கள் சிலவற்றில் அலகு துளையின்றியே அமைந்திருப்பதைக் காணலாம். அவை அழகுப் பொருள்களேயன்றித் தூபக்கால்கள் ஆகா. புகை கீழ்நோக்கி வழியும் கலங்களும் இன்று உள்ளன. உட்துளையுள்ள கூம்பு வடிவப் புகைப்பொருளில் புகை குளிர்ந்து அடர்ந்து கீழிறங்குவதே அதன் இயக்கம். அவை கண்ணுக்கு இனியவை எனினும், மேலெழும் தூபத்தை இறைவனுக்கு அளித்தல் என்னும் வழிபாட்டுப் பொருளோடு இயைவதில்லை.

கோயிற்பூசையில் தூபம் தீபத்திற்கு முன் காட்டப்படுகிறது. அது சிறுபொழுதே நிகழ்கிறது. காட்டி முடித்தபின் தூபக்கால் அகற்றப்படுகிறது. மணம் மட்டும் எஞ்சுகிறது. தியான அறைக்கு இம்முறையே ஏற்றது. மூடிய அறையில் நெடுநேரம் புகை சூழ அமர்ந்து மூச்சுப்பயிற்சி செய்தல் நுரையீரலுக்குத் தீங்கு விளைவிக்கும். புகையிலுள்ள நுண்துகள்கள் குழந்தைகளையும் முதியோரையும் ஆத்துமா நோயுடையோரையும் மிகுதியாகத் தாக்கும். எனவே முன்னதாகத் தூபம் இட்டு, சன்னலைத் திறந்து புகை அடங்கவிட்டு, எஞ்சிய மணத்தில் அமர்தலே மரபிற்கும் உடல்நலத்திற்கும் ஒத்தது.

பட்டு இல்லத்தில் புகை

நெசவாளர் இல்லத்தில் தறியும் மாடமும் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் அமைவதால் தூபத்திற்குத் தனிக்கட்டுப்பாடு தேவைப்படுகிறது. பட்டு புரத இழையாதலின் மணத்தையும் புகையையும் எளிதில் ஏற்கும். துணிக்குப் புகையூட்டி மணமேற்றிய பழைய வழக்கத்திற்கு இப்பண்பே அடிப்படை. ஆனால் அணிபவரின் இல்லத்தில் சிறப்பாகும் இப்பண்பு நெய்பவரின் இல்லத்தில் குறையாகிவிடும். விற்பனைக்குரிய வெண்ணிறப் பாவில் புகைக்கரி படிந்தால் அது மாசு. வெள்ளியிழை கொண்ட சரிகை, புகையாலும் கந்தகம் கலந்த காற்றாலும் மங்கும். பல நாள் உழைப்பு ஒரு தீப்பொறியால் கெட்டுவிடவும் கூடும்.

இங்குத்தான் பகுவாய், தொகுவாய் என்னும் வேறுபாடு நடைமுறைப் பயன் பெறுகிறது. திறந்த சாம்பிராணிச் சட்டியை வீடெங்கும் ஏந்திச் செல்லும்போது பொறி தெறிக்க வாய்ப்புண்டு. மூடியுள்ள புள்வடிவக் கலத்தில் அவ்வாய்ப்புக் குறைவு. ஆயினும் மூடிய கலத்தின் உலோகம் மிகுதியாகச் சூடேறும். ஆகவே அடியில் சாம்பலோ மணலோ பரப்பி, அதன்மேல் கொட்டாங்கச்சிக் கரித்துண்டை வைத்து, கலத்தைக் கல் அல்லது ஓட்டின்மீது அமர்த்துதல் நன்று. மாடத்தின் அழகிற்காகப் பட்டுத்துணியை விரித்து அதன்மேல் தூபக்காலை வைத்தல் தவிர்க்கத்தக்கது. பட்டைப் பின்திரையாக இடுவதாயினும் புகை படாத தொலைவில் இடுதல் வேண்டும். தறிமீது பாவு இருக்கும் நாளில் துணியால் மூடியபின்னரே தூபம் இடுதல் தகும்.

கலத்தைத் தூய்மை செய்தலும் வழிபாட்டின் பகுதியே. பிசின் உட்புறத்தில் படிந்து துளைகளை அடைப்பதால், ஆறியபின் சாம்பலை அகற்றி, புளி தேய்த்துக் கழுவி, ஈரமின்றித் துடைத்தல் வேண்டும். துளை அடைபட்ட புள் புகையை அலகால் விடாது. மூடியின் இடுக்குகளால் கசியவிடும்.

ஆய்வு முடிவுகள்

1. சங்க இலக்கியத்தில் புள்வடிவ விளக்கிற்கு ஓதிம விளக்கு என்னும் உறுதியான சான்று உண்டு. அது யவனர்க்கு உரியதாகச் சுட்டப்படுகிறது. அதனைப் புள்வடிவத் தூபக்காலுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

2. நெடுநல்வாடை காட்டும் உலகில் விளக்கு வழிபாட்டிற்கும் புகை ஒப்பனைக்கும் உரியன. பக்தி இயக்கக் காலத்தில் புகை வழிபாட்டுப் பொருளாக உயர்ந்தது. புள்ளும் புகையும் ஒரே வழிபாட்டுக் கலத்தில் சந்திப்பதற்கான இடம் இம்மாற்றத்தால் உருவாயிற்று.

3. தடவும் சாம்பிராணிச் சட்டியும் பகுவாய் வகையின. புள்வடிவத் தூபக்கால் தொகுவாய் வகையினது. இவ்வகைமாற்றம் தீப்பாதுகாப்பு, மண அளவு ஆகிய இரண்டையும் மாற்றுகிறது.

4. குறளும் திருமந்திரமும் வளர்த்த புள்–உயிர், புள்–உயிர்ப்பு உருவகங்களே இக்கலத்தைத் தியானத்தோடு இணைக்கும் தமிழ் அடிப்படை. அவ்விணைப்பு கருத்துநிலைத் தொடர்ச்சியாகும். பொருள்நிலைத் தொடர்ச்சி அன்று.

5. ஆரணியில் நெய்யப்படும் அன்னப்பட்சியும் மாடத்து அன்னமும் ஒரே கலைமரபைச் சார்ந்தவை. ஆயின் பட்டின் இயல்பு கருதி, தூபத்தைச் சிறுபொழுது இட்டு அகற்றும் கோயில்முறையை இல்லமும் பின்பற்றுதல் நலம்.

முடிவுரை

ஒரு பொருளைத் தொன்மையானது எனக் கூறிவிட்டால் அதற்கு மதிப்பு மிகும் என்னும் எண்ணம் இன்று வலுவாக உள்ளது. அவ்வெண்ணத்தால் விளக்குப் பற்றிய சான்று தூபக்காலுக்கும், அயலவர் கைவினை தமிழர்க்கும் எளிதில் உரிமையாக்கப்படுகின்றன. இலக்கியச் சான்றை அதன் எல்லைக்குள் நிறுத்துவதால் புள்வடிவத் தூபக்காலின் மதிப்புக் குறைந்துவிடாது. வேள்வித்தூணில் அமர்ந்த சிரலைக் கண்டு விளக்கை நினைத்த புலவரின் கண்ணும், கூட்டைத் துறந்து பறக்கும் புள்ளில் உயிரைக் கண்ட வள்ளுவரின் கண்ணும் இன்றும் தமிழர்க்கு உண்டு. ஆரணியின் மாடத்தில் புதிதாக வந்து அமர்ந்த புள்ளுக்குப் பொருள் தருவது அக்கண்ணே. அப்பொருளை உணர்ந்து, தறியிலுள்ள பட்டிற்கும் அறையிலுள்ளோர் மூச்சிற்கும் ஊறு நேராமல் அதனைப் பயன்படுத்துதலே மரபைப் பேணும் முறையாகும்.